ஊர் ஊராகப் போகும் பிரெஞ்சுப் பட விழா: நடத்துவது யார், பணம் யாருடையது?

மார்ச் வந்தால் சிட்னி, மெல்பர்ன், பெர்த், கான்பெரா, பிரிஸ்பேன், அடிலெய்ட் என்று ஆஸ்திரேலிய நகரங்களில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் (பிரெஞ்சு மொழியும் பண்பாடும் பரப்பும் சங்கம்) நடத்தும் பிரெஞ்சுப் பட விழா தொடங்கிவிடும். ஏப்ரல் வரை ஓடும். 2024-ல் நடந்தது அதன் 35-ஆவது பதிப்பு. புதிய பிரெஞ்சுப் படங்கள் நாற்பதுக்குக் குறையாமல் வரும். நல்ல ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்கும். பிரான்சுக்கு வெளியே நடக்கும் பிரெஞ்சுப் பட விழாக்களில் இதுதான் மிகப் பெரியது என்று செய்திகள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்தச் செய்தியைப் படிக்கிற பலருக்கு நியாயமான சில சந்தேகங்கள் வருகின்றன. பிரான்சின் கான் பட விழா மாதிரி நடுவர் குழுவும் தங்கப் பனை என்ற உயரிய விருதும் இங்கே இல்லை, பிறகு ஏன் விழா என்கிறார்கள்? சாதாரண தியேட்டரில் சாதாரண டிக்கெட் வாங்கித்தானே பார்க்கிறோம், அப்படியானால் இது வியாபாரமா? பெயரில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருப்பதால் பிரெஞ்சு அரசு தன் பெருமையைப் பரப்பச் செலவு செய்கிறதா?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் அச்சாணி வேறு: விழா என்ற பெயரில் இயங்கும் ஒரு விநியோக ஏற்பாடு இது. வேறு வழியில் அந்த நாட்டுத் தியேட்டர்களை எட்டவே முடியாத படங்களுக்கு நான்கைந்து வாரம் திரை வாங்கித் தருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தப் படம் வருகிறது, எது வருவதில்லை, டிக்கெட் ஏன் அந்த விலை, ஒரு படம் ஏன் மூன்றே காட்சிகளோடு காணாமல் போகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

இரண்டு வகை விழாக்கள்

கான், பெர்லின், வெனிஸ் ஆகியவை ஓர் ஊரில் நிலையாக நடப்பவை. உலகம் அங்கே வந்து கூடுகிறது. படம் முதன்முதலாக அங்கே திரையிடப்படுகிறது, விருது கொடுக்கப்படுகிறது, பக்கத்திலேயே சந்தை நடக்கிறது. குறிப்பாகக் கானில் பார்வையாளர்களில் பெரும்பகுதி துறைக்காரர்கள், பத்திரிகையாளர்கள்.

ஊர் சுற்றும் விழாவில் படம்தான் மக்களைத் தேடிப் போகிறது. பார்க்க வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள், டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர்கள். படங்கள் ஏற்கெனவே வேறெங்கோ திரையிடப்பட்டவைதான். டூரிங் டாக்கீஸைப் போலத் திரையையும் கருவியையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அந்தந்த ஊர்த் தியேட்டரிலேயே நடக்கும், பட்டியல் மட்டும் ஊர் மாறும்.

ஆகவே 'கானில் வென்ற படத்தை இங்கே ஏன் பழைய சோறு மாதிரி போடுகிறார்கள்' என்று குறைப்படுவதில் பொருளில்லை. கானில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர். அடிலெய்டில் இருக்கும் ஒருவருக்கு அது புதுப்படம்தான்.

பிரெஞ்சுப் படம் என்றால் எது?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. விழாப் பட்டியலைப் பார்க்கும் பலர் இங்கேதான் இடறுகிறார்கள்.

2015-ல் கான் விழாவின் தங்கப் பனையை வென்றது ழாக் ஓதியாரின் 'தீபன்'. இலங்கைப் போருக்குப் பின் பாரிஸின் புறநகருக்கு வந்து சேரும் மூன்று தமிழர்களின் கதை. முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. நாயகி சென்னையின் நாடக நடிகை காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். ஆனாலும் அது பிரெஞ்சுப் படம். அதே ஓதியார் பின்னால் எடுத்த 'எமிலியா பெரெஸ்' பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் பேசுகிறது. 2024-ல் பிரான்ஸ் ஆஸ்கருக்கு அனுப்பியது அதைத்தான். லுக் பெசோனின் 'லூசி' முக்கியமாக ஆங்கிலப் படம். 2014-ல் வெளிநாடுகளில் மிக அதிகம் பேர் பார்த்த பிரெஞ்சுப் படம் என்று கணக்கில் ஏறியது அதுதான்.

காரணம் எளிது. பிரான்சில் ஒரு படத்தின் குடியுரிமையை மொழி மட்டும் தீர்மானிப்பதில்லை. தயாரிப்பு நிறுவனம் எங்குள்ளது, பணத்தில் எவ்வளவு பிரான்சிலிருந்து வந்தது, எழுத்தாளரும் இயக்குநரும் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் யார், எங்கே படப்பிடிப்பு நடந்தது என்று மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. மொழிக்கும் அதில் மதிப்பெண் உண்டு, ஆனால் அது பலவற்றில் ஒன்று. தேவையான மதிப்பெண் கிடைத்தால் அரசு அமைப்பின் அங்கீகாரம் கிடைக்கும், அதோடு உதவிப் பணத்துக்கான தகுதியும் வரும்.

பெல்ஜியம், செனகல், துனிசியா, லெபனான், ஈரான் என்று பல நாட்டு இயக்குநர்களின் படங்கள் பிரெஞ்சு விழாக்களில் தென்படுவது இதனால்தான். கூட்டுத் தயாரிப்பில் பிரெஞ்சுப் பணம் இருக்கும். நான் இதை அந்த முறையின் மிகப் பெரிய பலமாகவே பார்க்கிறேன். தன் நாட்டில் பணமும் சுதந்திரமும் கிடைக்காத ஒருவர் பாரிஸில் ஒரு தயாரிப்பாளரைப் பிடித்துப் படத்தை முடிக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

பணம் புறப்படும் இடம்

இப்போது அடித்தளத்துக்கு வருவோம். பிரான்சில் சினிமாவைக் கவனிக்கும் அரசு அமைப்பு சி.என்.சி. எனப்படும் தேசியத் திரைப்பட மையம். தொடங்கியது 1946-ல். போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கடனுக்கான பேச்சுவார்த்தையில் பிரெஞ்சுத் தியேட்டர்கள் ஹாலிவுட் படங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. உள்ளூர்த் திரைத்துறை கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பின் நடுவில் பிறந்த ஏற்பாடுதான் இன்றுவரை நீடிக்கிறது.

அது இயங்கும் விதம் இப்படி:

1. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலிருந்தும் 10.72 சதவீதம் தனி வரியாகப் போகிறது. பத்து யூரோ டிக்கெட்டில் ஒரு யூரோவுக்குச் சற்று மேல். ஹாலிவுட் படமானாலும் விலக்கில்லை.

2. தொலைக்காட்சி நிறுவனங்கள், இணையம் வழியாகப் படம் காட்டும் தளங்கள் ஆகியவையும் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸும் இதில் அடக்கம்.

3. இப்படிச் சேர்வது ஆண்டுக்குச் சுமார் 70 கோடி யூரோ. நாட்டின் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் நேராகத் திரைத்துறைக்கே திரும்புகிறது.

4. திரும்பும் வழி இரண்டு. ஒன்று தானாகக் கிடைக்கும் உதவி: ஒரு தயாரிப்பாளரின் பிரெஞ்சுப் படம் ஓடினால் அதற்கேற்ற தொகை அவர் கணக்கில் சேரும், அதை அடுத்த படத்தில்தான் போட வேண்டும். இன்னொன்று தேர்வுக் குழு பார்த்துத் தரும் உதவி. 1959-ல் தொடங்கிய வசூல் முன்பணத் திட்டம் இதில் முக்கியமானது. கதையைப் படித்துப் பார்த்து முன்பணம் கொடுக்கிறார்கள். முதல் படம் எடுப்பவர்களுக்கு இது உயிர்நாடி.

டாம் குரூஸ் படம் பார்க்க வந்தவரின் டிக்கெட்டிலிருந்தும் அறிமுக இயக்குநர் ஒருவருக்குப் பணம் போகிறது என்பதுதான் இதன் சாரம். 1993-ல் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா இந்த மாதிரி உதவிகளை எதிர்த்தபோது, பண்பாட்டுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதமாக நின்றதும் இதைக் காப்பாற்றத்தான்.

விளைவு என்ன? ஆண்டுக்கு ஏறத்தாழ 300 படங்கள் உருவாகின்றன. 2024-ல் பிரான்சில் விற்ற 18 கோடிச் சொச்சம் டிக்கெட்டுகளில் 44 சதவீதம் போல உள்நாட்டுப் படங்களுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் பல நாடுகள் இதைக் கனவில்தான் காண முடியும். ஆனால் 300 படங்களுக்கு உள்நாட்டுச் சந்தை போதாது. வெளிநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஊர் சுற்றும் விழா தேவைப்படுவது இங்கேதான்.

மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்

செய்திகளில் கலந்து கட்டி வரும் மூன்று அமைப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

யூனிஃபிரான்ஸ் 1949-ல் தொடங்கியது. பிரெஞ்சுப் படங்களை வெளிநாட்டில் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. தயாரிப்பாளர்கள், ஏற்றுமதி முகவர்கள், நடிகர்கள், இயக்குநர்கள் உறுப்பினர்கள். சி.என்.சி.யின் பணம் இதற்கு முதுகெலும்பு. ஒரு நடிகையோ இயக்குநரோ படத்தோடு வேறு நாட்டுக்குப் போய் மேடையில் பேசுகிறார் என்றால் பயணச் செலவில் பெரும்பாலும் யூனிஃபிரான்சின் பங்கு இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் பாரிஸில் உலக விநியோகஸ்தர்களை அழைத்துப் புதுப்படங்களைக் காட்டுகிறது. மார்ச் மாத ஆஸ்திரேலியப் பட்டியலில் பல படங்கள் பேசி முடிவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1883-ல் பாரிஸில் தொடங்கியது. பலர் இதைப் பிரெஞ்சுத் தூதரகத்தின் கிளை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஊரிலும் உள்ள அலியான்ஸ் அந்த நாட்டுச் சட்டப்படி பதிவான தனிச் சங்கம், தனி நிர்வாகக் குழு. மொழி வகுப்புக் கட்டணம்தான் அதற்குச் சோறு போடுகிறது. புதுச்சேரியில் 1889-லிலேயே, சென்னையில் 1953-லிருந்து அலியான்ஸ் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விழாவை நடத்துவதும் அங்குள்ள இத்தகைய சங்கங்கள்தான். விழாவில் லாபம் வந்தால் அது அவர்களின் மொழி, பண்பாட்டு வேலைக்குப் போகும்.

மூன்றாவது, வெளியுறவு அமைச்சகமும் பண்பாட்டு அமைச்சகமும் சேர்ந்து மேற்பார்க்கும் இன்ஸ்டிடியூட் ஃபிரான்சே. இது முழுக்க அரசு நிறுவனம். பல பிரெஞ்சுப் படங்களுக்கு வணிக நோக்கமற்ற காட்சி உரிமையை மொத்தமாக வாங்கி, உலகெங்கும் உள்ள பிரெஞ்சு மையங்களுக்குத் தருகிறது.

அந்த 'வணிக நோக்கமற்ற' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள சென்னை அலியான்ஸில் மாலை நேரத்தில் இலவசமாகக் காட்டப்படும் படத்துக்கும், சிட்னியில் டிக்கெட் விற்றுக் காட்டப்படும் படத்துக்கும் உரிமை வேறு, கணக்கு வேறு. முதலாவதில் யாரும் சம்பாதிப்பதில்லை. இரண்டாவதில் தியேட்டர், விநியோகஸ்தர், முகவர், தயாரிப்பாளர் எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஒரு படம் பாரிஸிலிருந்து பெர்த் போகும் வழி

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

1. *முகவர்.* படத்தின் வெளிநாட்டு உரிமை தயாரிப்பாளரிடமிருந்து ஏற்றுமதி முகவரிடம் போகும். கோமோன், பாத்தே, ஸ்டுடியோ கனால் மாதிரிப் பெரிய நிறுவனங்கள் தாங்களே இதைச் செய்கின்றன. சிறிய தயாரிப்பாளர்களுக்காகத் தனி முகவர்கள் இருக்கிறார்கள்.

2. *பிரதேசம்.* முகவர் உலகத்தைப் பிரதேசங்களாகப் பிரித்து விற்கிறார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பொதுவாக ஒரே பிரதேசம். விலை பேசும் முறை நம் கோடம்பாக்கத்துக்குப் பழக்கமானதுதான்: மினிமம் கியாரண்டி. விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்னால் கொடுப்பார். வசூல் அதைத் தாண்டினால், செலவு போக மீதியில் பங்கு.

3. *இரண்டு பாதை.* இந்த இடத்தில்தான் படத்தின் தலையெழுத்து பிரிகிறது. உள்ளூர் விநியோகஸ்தர் ஏற்கெனவே வாங்கியிருந்தால், விழா அவரிடம் கேட்டுப் படத்தைப் பெறும். அவருக்கு விழா ஒரு விளம்பர மேடை: முன்னோட்டக் காட்சிகள் நடக்கும், விமர்சனம் வரும், வாய்மொழியாகப் பேச்சு பரவும், பிறகு சில வாரம் கழித்து முறையான ரிலீஸ். யாரும் வாங்காத படமாக இருந்தால், விழாவே முகவரிடம் நேரடியாகப் பேசி, காட்சிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டியோ வசூலில் பங்கு தந்தோ எடுத்துவரும். அந்த நாட்டில் அந்தப் படத்துக்குக் கிடைக்கும் ஒரே தியேட்டர் வாய்ப்பு அதுதான்.

4. *தணிக்கை.* பல நாடுகளில் பொதுக் காட்சிக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. மொத்தம் நான்கே காட்சி ஓடப்போகும் படத்துக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆஸ்திரேலியச் சட்டம் பண்பாட்டு நிகழ்வுகளுக்கு நிபந்தனையோடு விலக்குத் தருகிறது. வகைப்படுத்தப்படாத படத்தைக் காட்டலாம், ஆனால் வயதுக் கட்டுப்பாட்டோடு, பல சமயம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மென்மையான குடும்பப் படத்துக்குக்கூடச் சில சமயம் '18+' என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். படத்தில் ஏதோ இருக்கிறது என்பதல்ல, சான்றிதழ் வாங்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

5. *சப்டைட்டில்.* ஏற்றுமதி முகவர் முதலில் செய்து வைப்பது ஆங்கில சப்டைட்டில். வாங்க வருகிற உலக வியாபாரிகளுக்குக் காட்ட அது தேவை. ஆகவே ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குத் தயாரான பிரதி கையில் இருக்கிறது. பிரேசிலுக்கு என்றால் போர்த்துகீசியத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். நாற்பது படத்துக்கு அதைச் செய்தால் விழாவின் கையிருப்பு கணிசமாகக் கரையும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இத்தகைய விழாக்கள் அதிகம் இருப்பதற்கு இந்தச் சாதாரணச் செலவுக் கணக்கும் ஒரு காரணம்.

6. *தியேட்டர்.* ஆஸ்திரேலியாவில் விழாவின் முதன்மைக் கூட்டாளி பேலஸ் சினிமாஸ் என்ற தியேட்டர் சங்கிலி. கலைப்படங்களுக்குப் பெயர் போனது. இத்தாலிய, ஸ்பானிய, ஜெர்மன் பட விழாக்களும் இதே தியேட்டர்களில் ஆண்டு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பகல் காட்சிக்கும் ஆள் வரும் பார்வையாளர் கூட்டம், ஓய்வுபெற்றவர்கள் அதில் கணிசம், ஒரு தியேட்டருக்கு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதைத் தியேட்டர் நடத்துபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெட்டியிலிருந்து கே.டி.எம். வரை

'ஊர் சுற்றும்' விழா என்ற பெயர் வந்தது ஃபிலிம் காலத்தில். 35 மி.மீ. பிரதி ஒன்று ஐந்தாறு சுருள்கள், இருபது முப்பது கிலோ. சப்டைட்டில் அந்தப் பிரதியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், எனவே ஆங்கில எழுத்துள்ள பிரதி உலகத்துக்கே இரண்டு மூன்றுதான் இருக்கும். அந்த ஒரே பெட்டி சிட்னியில் ஓடி முடித்து மெல்பர்னுக்கும், பிறகு அங்கிருந்து பெர்த்துக்கும் போக வேண்டும். ஊருக்கு ஊர் தேதி தள்ளித் தள்ளி வைத்தது ரசனைக்காக அல்ல, பெட்டிக்காக. கடைசி ஊர்க்காரர்களுக்குக் கீறல் விழுந்த பிரதிதான் கிடைக்கும்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறியதும் நிலைமை தலைகீழானது. இப்போது படம் ஹார்ட் டிஸ்கிலோ இணையம் வழியாகவோ ஒரு டிஜிட்டல் கோப்புத் தொகுப்பாக வருகிறது. அதைத் திறக்க கே.டி.எம். என்ற சாவி வேண்டும். ரிலீஸ் நாளன்று 'கே.டி.எம். வரவில்லை, காலைக் காட்சி ரத்து' என்று நம்மூர் ரசிகர்கள் புலம்புவார்களே, அதே சாவிதான். இன்ன தியேட்டரின் இன்ன கருவியில், இன்ன தேதி இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை என்று பூட்டியே கொடுப்பார்கள்.

இதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. ஒரே நாளில் பத்து ஊரில் திறக்க முடிகிறது. பெரிய நகரத்தைத் தாண்டிச் சிற்றூர்த் தியேட்டருக்கும் படம் போகிறது, பிரதிச் செலவு மிச்சம். இன்னொரு பக்கம், முகவரின் பிடி இறுகியிருக்கிறது. பெட்டிக் காலத்தில் கூட்டம் அதிகமாக வந்தால் தியேட்டர்காரர் இன்னொரு காட்சி போட்டுவிட முடிந்தது. இப்போது சாவியின் நேரம் முடிந்தால் படம் திறக்காது. அரங்கு நிறைந்த படத்துக்கு உடனே கூடுதல் காட்சி போடாமல் விழாக்காரர்கள் கையைப் பிசைவது இதனாலும்தான்.

நாட்டுக்கு நாடு வேறு மாதிரி

ஆஸ்திரேலிய மாதிரி டிக்கெட்டை நம்பியது. எல்லா நாட்டிலும் அப்படியில்லை.

அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதியில் 'டூர்னே' என்ற திட்டம் தொடங்கியது; பின்னால் அதன் பெயர் 'அல்பெர்டின் சினிமாதெக்' என்று மாறியது. இதை நடத்துவது ஃபேஸ் அறக்கட்டளை, பிரெஞ்சுத் தூதரகத்தின் பண்பாட்டுப் பிரிவோடு சேர்ந்து. தியேட்டர் இல்லாமலே இயங்கும் விழா இது: கல்லூரிகளுக்குச் சிறு நிதியுதவி தருவார்கள், கல்லூரிகள் ஒரு பட்டியலிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுத்து வளாகத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் சமீபத்திய படங்கள், கூடவே ஒரு பழைய செவ்வியல் படம் கட்டாயம். வசூல் கவலை இல்லாததால் பட்டியலில் துணிச்சல் தெரியும்: ஆவணப்படம், அசைபடம், மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுத் தயாரிப்பு எல்லாம் இடம்பெறும். பக்கத்தில் கலைப்படத் தியேட்டரே இல்லாத ஊர் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது.

பிரேசிலில் 2010-லிருந்து நடக்கும் விழாவின் பெயரே 'வாரிலுக்ஸ்'. பிரெஞ்சு நிறுவனமான எஸ்ஸிலோர் தயாரிக்கும் மூக்குக்கண்ணாடி வில்லையின் பிராண்டு பெயர் அது. விளம்பரதாரர் பணமும் அங்குள்ள பண்பாட்டு ஊக்கச் சட்டங்களும் சேர்ந்து விழாவைப் பல பத்து நகரங்களுக்குக் கொண்டுபோகின்றன. பிரிட்டனில் 1992-ல் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய பிரெஞ்சுப் பட விழா, பெரிய சங்கிலித் தியேட்டர்களைவிடச் சுதந்திரமாக இயங்கும் சிறு அரங்குகளையும் நகரக் கலை மையங்களையும் நம்பியது.

நியூயார்க்கில் லிங்கன் சென்டர் என்ற கலை மையத்தின் திரைப்பட அமைப்பும் யூனிஃபிரான்சும் 1996-லிருந்து நடத்துவது ஊர் சுற்றும் விழா இல்லை. ஆனால் அமெரிக்க விநியோகஸ்தர்களின் கண் படும் இடம் என்பதால் அங்கே காட்டப்படும் படம் பிறகு நாடு முழுக்கப் போக வாய்ப்பு அதிகம்.

பட்டியல் ஏன் ஒரு பக்கம் சாய்கிறது?

டிக்கெட்டை நம்பும் விழாக்களின் பட்டியலில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும். பெயர் பெற்ற நடிகர்கள் நடித்த இதமான நகைச்சுவை, பெரிய செலவில் எடுத்த வரலாற்றுப் படம், சமையலும் திராட்சைத் தோட்டமும் வரும் கதை, கானில் விருது வாங்கிய ஒன்றிரண்டு. தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் மனத்தை உறுத்தாத படமாகப் பார்த்துப் போடுவார்கள், ஏனென்றால் மது விருந்தோடு சேர்த்து அந்த டிக்கெட்டின் விலை அதிகம், விளம்பரதாரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

இதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரங்கு வாடகை, சாவி, சரக்குச் செலவு, விளம்பரம், காட்சிக் கட்டணம் எல்லாம் போக, பத்து அறிமுக இயக்குநர்களின் படங்கள் பாதி அரங்கோடு ஓட வேண்டுமானால் நான்கு நகைச்சுவைப் படங்கள் நிரம்பி வழிந்தாக வேண்டும். உள் மானியம் என்று இதைச் சொல்லலாம். சி.என்.சி. தேசிய அளவில் செய்வதன் சிறு வடிவம்தான்.

எனக்கு ஏற்க முடியாதது அந்த விகிதம் மெல்ல மெல்ல மாறுவதுதான். ஏற்கெனவே விநியோகஸ்தர் கையில் இருக்கிற, எப்படியும் ஒரு மாதம் கழித்து ரிலீஸ் ஆகப்போகிற படங்கள் பட்டியலை அடைத்துக்கொண்டால், விழா வெறும் முன்னோட்டத் தொகுப்பாகிவிடும். யாரும் வாங்காத படத்துக்குத் திரை தருவதுதான் அதன் தனிச் சேவை. பாரிஸ் புறநகரின் அரபு, ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் எடுக்கும் படங்கள், ரீயூனியன், மார்ட்டினீக் மாதிரிக் கடல்கடந்த பகுதிகளின் படங்கள், ஆவணப்படங்கள் ஆகியவைதான் முதலில் வெட்டுப்படுகின்றன. ஐஃபெல் கோபுரம் தெரியும் பிரான்சை மட்டும் அனுப்பினால், அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

மாற்றம் தெரியும் ஓரிடமும் உண்டு. 2019-லிருந்து, முக்கியப் பொறுப்புகளில் ஆண் பெண் சமநிலை உள்ள படங்களுக்கு சி.என்.சி. 15 சதவீதம் கூடுதல் உதவி தருகிறது. 2021-ல் ஜூலியா டுகூர்னோ, 2023-ல் ஜஸ்டின் ட்ரியே என்று மூன்று ஆண்டுகளில் இரண்டு பிரெஞ்சுப் பெண் இயக்குநர்கள் தங்கப் பனை வென்றார்கள். அந்த உதவிதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெண்கள் எடுக்கும் படங்கள் தொகையாக உருவாகும் நாட்டிலிருந்துதான் விழாக்காரர்களும் தேர்ந்தெடுக்க முடியும்.

2020-க்குப் பின்

2020 மார்ச்சில் ஆஸ்திரேலிய விழா தொடங்கிய சில நாட்களிலேயே கொரோனாவால் நடுவழியில் நின்றது. டிக்கெட்டை மட்டும் நம்பிய மாதிரியின் பலவீனம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது: உரிமைக்கும் விளம்பரத்துக்கும் பணம் போய்விட்டது, வரவு நின்றுவிட்டது.

இணையத்தில் காட்டினால் என்ன என்ற கேள்விக்கு யூனிஃபிரான்ஸ் அதற்கு முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. 2011-லிருந்து ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி 'மை ஃபிரெஞ்ச் ஃபிலிம் ஃபெஸ்டிவல்' என்ற இணைய விழாவைப் பல மொழி சப்டைட்டில்களோடு நடத்துகிறது. குறும்படங்கள் பொதுவாக இலவசம். ஆனால் பெரிய படங்கள் அதில் வருவதில்லை. ஒரு நாட்டில் இணையத்தில் வெளியாகிவிட்டால் அங்குள்ள விநியோகஸ்தர் அதற்கு மினிமம் கியாரண்டி கொடுக்க மாட்டார், முகவருக்கு அது நஷ்டம். பிரான்சுக்குள்ளேயே தியேட்டரில் வெளியான படம் நெட்ஃபிளிக்ஸுக்குப் போக 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2022-ல் வந்தது. தியேட்டரை முன்னால் வைக்கும் அந்தப் பழக்கம் ஏற்றுமதியிலும் தொடர்கிறது.

ஓடிடி தளங்கள் நேரடியாகப் பணம் போட்டு எடுக்கும் பிரெஞ்சுப் படங்கள் வேறு ரகம். அவை முகவர் வழியாக வருவதில்லை, உலக உரிமை முழுக்கத் தளத்திடமே இருக்கும். ஆகவே எவ்வளவு நல்ல படமானாலும் விழாவுக்குக் கிடைப்பது அரிது. இப்படிப்பட்ட படங்கள் கூடக் கூட, விழாக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் குளம் அந்த அளவுக்குச் சுருங்கும்.

விழாப் பட்டியல் கையில் கிடைத்தால்

எந்த நாட்டில் இருந்தாலும், இத்தகைய விழாவின் பட்டியலைப் பார்க்கும்போது கவனிக்கத்தக்கவை சில:

1. படத்தின் குறிப்பில் உள்ளூர் விநியோகஸ்தர் பெயர் இருக்கிறதா? இருந்தால் பிறகும் பார்க்கலாம். இல்லையென்றால் இதுதான் ஒரே வாய்ப்பு, டிக்கெட்டை அதற்கு முதலில் எடுங்கள்.

2. மொத்தம் எத்தனை காட்சி? மூன்றுக்குள் என்றால் அது நேரடியாக முகவரிடமிருந்து வந்த படமாக இருக்கும்.

3. தயாரிப்பு நாடுகள் என்ற வரியில் பிரான்சோடு வேறு பெயர்களும் உண்டா? அந்த வரியில்தான் பெரும்பாலும் நாம் எதிர்பார்க்காத மொழியும் நிலமும் கிடைக்கும். 'தீபன்' படத்துக்கு முன்னால் பிரெஞ்சு விழாவுக்குத் தமிழ் கேட்கப் போகிறோம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

4. இயக்குநருக்கு அது முதல் படமா? அப்படியானால் வசூல் முன்பணம் வாங்கிய படமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயர் தெரிந்த நடிகர்கள் இல்லாததால் அரங்கும் காலியாக இருக்கும், கடைசி நேரத்திலும் நல்ல இருக்கை கிடைக்கும்.